கரிக்கோலும் கணக்கும்: சூரியன்மீது கோள் கடந்த நாள்களின் வரைபடங்கள்

2004ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் பிற்பகல் ஒன்றேகால் மணியளவில், பூச்சோங்கில் எங்கள் அடுக்குமாடியின் வாகன நிறுத்துமிடத்தில் ஒரு சிறிய தொலைநோக்கியை முக்காலியில் நிறுத்தி, அதன் கண்ணருகு வில்லைக்குப் பின்னால் வெள்ளைத்தாள் ஒட்டிய அட்டை ஒன்றைப் பிடித்திருந்தோம். தாளில் 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம் முன்னரே வரையப்பட்டிருந்தது. சூரிய பிம்பத்தை அவ்வட்டத்திற்குள் பொருத்தியபின், விளிம்பில் ஒரு சிறு கறுப்பு நெளிவு தென்பட்டது. வெள்ளிக்கோள் சூரியனுக்கும் புவிக்கும் இடையே வந்துவிட்டது என்பதற்கு அதுவே முதல் அடையாளம். அன்று அந்தி வரை அரைமணிக்கொரு முறை வெள்ளியின் இடத்தைக் கரிக்கோலால் குறித்து வந்தேன். முகில் மறைத்த வேளைகளில் தாள் வெறுமையாகவே இருந்தது.

மாலையில் குறிகளை இணைத்துப் பார்த்தபோது வியப்பே மிஞ்சியது. நேர்கோடாக அமைய வேண்டிய வெள்ளியின் பாதை, வளைந்த ஒரு வில்லைப்போல் கிடந்தது. தவறு வானத்திலும் இல்லை, கையிலும் இல்லை, அட்டையில் இருந்தது. தாளின் மேற்பகுதி எப்போதும் வானுச்சியை நோக்கியிருக்குமாறு அட்டையைப் பிடித்திருந்தேன். ஆனால் பூச்சோங் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே மூன்று பாகை அளவிலேயே உள்ளது. ஜூன் மாதத்து நண்பகலில் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். அப்போது சூரிய வட்டத்தின் வடமுனை கீழ்நோக்கி இருக்கும். சூரியன் மேற்கே சாயும்போது அதே வடமுனை பார்ப்பவரின் வலப்பக்கம் வந்துவிடும். அதாவது, நண்பகலிலிருந்து அந்திக்குள் சூரிய முகம் நம் கண்ணுக்குக் கால்வட்டம் திரும்பிவிடுகிறது. அத்திருப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு முதல் இரண்டு மணி நேரத்திலேயே நிகழ்ந்துவிடும். அன்று வெள்ளி சூரிய விளிம்பைத் தொட்ட நேரமும் இவ்வட்டாரத்தின் உண்மையான நண்பகலும் ஏறத்தாழ ஒன்றாகவே அமைந்தன. ஆகவே இத்திருப்பம் முழுவதும் என் தாளில் பதிவாகியிருந்தது. தொலைநோக்கியை அசைக்காமல் விட்டால் பிம்பம் தானே நகரும். அது நகரும் திசை மேற்கு. ஒவ்வொரு குறிப்பின்போதும் அத்திசையை ஓர் அம்புக்குறியாகப் பதிந்திருந்தால் வளைவு நேராகியிருக்கும். இதனை நான் பின்னரே கற்றேன்.

கோள் கடப்பின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் எண்களையே எழுதுகின்றனர்: சூரியனின் தொலைவு எவ்வளவு, பிழை எத்தனை விழுக்காடு என்று. அந்த எண்களுக்கு முன்னால் ஒரு தாளும் ஒரு வட்டமும் கரிக்கோல் பிடித்த ஒரு கையும் இருந்தன. அக்கையின் வரலாற்றில் தமிழகத்திற்கும் தமிழருக்கும் உரிய இடம் எது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இந்நிகழ்வைத் தமிழில் 'இடைநகர்வு' என்றும் 'கடப்பு' என்றும் வழங்குவர். ஆற்றைக் கடப்பதுபோல் கோள் சூரிய வட்டத்தைக் கடப்பதால் பின்னதையே இங்குக் கையாள்கிறேன்.

முதல் தாள்கள்

தொலைநோக்கி வழியாகக் கோள் கடப்பைக் கண்டவர்களில் முதல்வர் பிரான்சு நாட்டுப் பியர் கசாந்தி ஆவார். கெப்ளரின் கணிப்பை நம்பி, 1631ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் பாரிசில் இருட்டறைத் தாளில் சூரிய பிம்பத்தை வீழ்த்திக் காத்திருந்தார். புதன் தோன்றியபோது அதனைச் சூரியப் புள்ளி என்றே முதலில் எண்ணினார்; எதிர்பார்த்ததைவிட அது அவ்வளவு சிறியதாக இருந்தது. எட்டு ஆண்டுகளுக்குப்பின், 1639 டிசம்பர் 4இல், இங்கிலாந்தின் லங்காசயர் பகுதியில் எரமியா ஹாரக்ஸ் என்னும் இளைஞர் வெள்ளியின் கடப்பைக் கண்டார். அவர் முன்னதாகவே ஏறக்குறைய ஆறு அங்குல விட்டத்தில் வட்டம் வரைந்து, அதன் சுற்றளவை 360 பாகைகளாகவும் விட்டத்தை 120 பகுதிகளாகவும் பிரித்து வைத்திருந்தார். பிற்பகல் 3.15க்கு வெள்ளி தெரிந்தது, 3.50க்குச் சூரியன் மறைந்தது. அந்த முப்பத்தைந்து நிமிடத்தில் மூன்று இடங்களைக் குறித்தார். அம்மூன்று குறிகளிலிருந்தே வெள்ளியின் விட்டத்தை ஒரு கலை 16 விகலை எனக் கணித்தார்.

அவருடைய நண்பர் வில்லியம் கிராப்டிரி மான்செஸ்டர் அருகே அதே காட்சியைக் கண்டு, மெய்ம்மறந்து நின்று, அளக்கவே மறந்துபோனார். பிறகு நினைவிலிருந்து விரைந்து வரைந்த கோட்டுருவத்தில் வெள்ளியின் விட்டத்தைச் சூரிய விட்டத்தில் இருநூற்றில் ஏழு பங்கு என்று காட்டினார். அது ஒரு கலை 3 விகலைக்குச் சமம். இன்றைய கணிப்பில் அன்றைய வெள்ளியின் அளவும் ஏறத்தாழ அதுவே. ஒழுங்காக அளந்தவரைவிட மறந்து நின்றவர் உண்மைக்கு நெருங்கிவிட்டார். தற்செயல் என்று சொல்லிவிடலாம். எனினும் நினைவிலிருந்து வரைவதை இகழ்வோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

இந்திய மண்ணில் முதன்முதலாகக் கோள் கடப்பைத் தொலைநோக்கியில் கண்டவரும் ஓர் ஆங்கிலேயரே. 1651ஆம் ஆண்டு சூரத்தில் எரமியா ஷாக்கர்லி புதனின் கடப்பைக் கண்டார். இந்தியாவில் வானியலுக்குத் தொலைநோக்கி பயன்பட்டதற்கு நமக்குத் தெரிந்த முதற்சான்று இதுவே.

சோழமண்டலக் கரையில்

1716இல் எட்மண்ட் ஹாலி முன்வைத்த ஒரு திட்டம் கோள் கடப்பின் தன்மையையே மாற்றிற்று. புவியின் வெவ்வேறு இடங்களிலிருந்து வெள்ளி சூரியனைக் கடக்கும் நேரத்தை அளந்தால், சூரியனின் தொலைவைக் கணக்கிடலாம் என்றார். அதுவரை வெள்ளி எங்கே இருந்தது என்பதே வினா. அதன்பின் எப்போது தொட்டது என்பதே வினாவாயிற்று. 1761ஆம் ஆண்டுக் கடப்பிற்காக ஐரோப்பியர் உலகெங்கும் பரவினர். ஜூன் 6ஆம் நாள் காலையில் சென்னையில் ஆளுநர் பிகட்டுடன் இருந்து நோக்கிய வில்லியம் ஹர்ஸ்ட் பாதிரியார், வெள்ளி சூரியனைத் தொடுமுன்னரே அதனைச் சூழ்ந்த ஒரு மங்கல் நிழலைக் கண்டதாக எழுதினார். அதனை வெள்ளிக்கோளின் வளிமண்டலம் பற்றிய தொடக்கக் குறிப்புகளுள் ஒன்றாகக் கருதுவோரும் உண்டு.

அதே நாளில் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டிய கியோம் லெ ஜாந்தீல் நடுக்கடலில் இருந்தார். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்கு மாறிவிட்டதால் அவருடைய கப்பல் திரும்பிவிட்டது. ஆடும் மேல்தளத்தில் நின்று அவர் கடப்பைக் கண்டார், கண்டும் பயனில்லை. அடுத்த கடப்பிற்காக எட்டாண்டுகள் கீழ்த்திசையிலேயே தங்கினார். 1768இல் புதுச்சேரி வந்து, இடிந்த கோட்டையின்மீது நோக்ககம் அமைத்துக் காத்திருந்தார். 1769 ஜூன் 4ஆம் நாள் விடியலில் வெள்ளி சூரியனைவிட்டு வெளியேறும் நேரத்தில் முகில் மூடிற்று. வெள்ளி விலகியபின்னரே வெயில் வந்தது. இக்கதையைப் பலரும் இரங்கத்தக்க வகையில் சொல்லியுள்ளனர். தமிழாய்வாளர்க்கு அதைவிட முதன்மையானது, அக்காத்திருப்பின்போது அவர் வேறொன்றைச் செய்தார் என்பதாகும்: தமிழரின் கிரகணக் கணக்கை ஒரு தமிழரிடம் கற்றுக்கொண்டார்.

அக்கணக்கில் தொலைநோக்கி இல்லை, வரைபடம் இல்லை, எழுதுகோலும் இல்லை. தரையில் சோழிகளை அடுக்கியும் நீக்கியும், மனனம் செய்த வாய்பாடுகளைக் கொண்டு, சந்திர கிரகணத்தின் கால அளவு கணிக்கப்பட்டது. 1765 ஆகஸ்டு 30ஆம் நாள் கிரகணத்திற்கு இம்முறையில் கிடைத்த கால அளவு 41 விநாடிகள் குறைவாக இருந்ததென்றும், ஐரோப்பாவில் மிகச் சிறந்தவையாகப் போற்றப்பட்ட தோபியாஸ் மேயரின் அட்டவணைகள் 68 விநாடிகள் மிகையாகக் காட்டினவென்றும் லெ ஜாந்தீல் பதிந்துள்ளார்.

இதைக்கொண்டு தமிழர் கணக்கு ஐரோப்பியக் கணக்கை வென்றுவிட்டது என மேடைகளில் முழங்குவதைக் கேட்டிருக்கிறேன். அவ்வாறு கூறுதல் பொருந்தாது. 1825இல் சென்னையில் 'காலசங்கலிதம்' என்னும் நூலை வெளியிட்ட ஜான் வாரன், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு தமிழ்க் கணியரை அணுகி அவ்வாண்டு நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணிக்கச் செய்தார். அவர் சோழிகளைக் கொண்டே கணித்தார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடமே. நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். ஒரு கிரகணத்தில் விநாடிகளாக இருந்த பிழை இன்னொன்றில் ஏறக்குறைய ஒரு மணியாக விரிந்தது. அக்கணியருக்குத் தம் கணக்கின் அடிப்படைக் கோட்பாட்டை விளக்கத் தெரியவில்லை என்றும் வாரன் எழுதுகிறார். ஆயினும் 1952ஆம் ஆண்டு ஆட்டோ நாய்கபவர், 'தமிழ் வானியல்' என்னும் தலைப்பிலேயே எழுதிய கட்டுரையில், 248 நாள் சுழற்சியை அடிப்படையாகக் கொண்ட இம்முறையின் வேர்களைப் பழம் பாபிலோனிய மரபு வரை தேடிச் சென்றார். ஈராயிரம் ஆண்டு வழிவந்த ஒரு கணக்கு, எழுத்தறிவின் துணையுமின்றி, சோழிகளின் மேல் உயிர்வாழ்ந்திருந்தது. வியக்க வேண்டியது அதுவே அன்றி 41 விநாடி அன்று.

இங்கே ஒரு வேறுபாட்டைக் காண வேண்டும். சோழிக் கணியர் வானத்தைப் பார்க்காமலே வானத்தைச் சொல்லக்கூடியவர். லெ ஜாந்தீல் பார்ப்பதற்கென்றே கடல் கடந்து வந்து, பார்க்க முடியாமல் போனவர். இருவரும் புதுச்சேரியில் ஒரே தரையில் அமர்ந்திருந்தனர். வெள்ளி சூரியனைக் கடப்பது வெறுங்கண்ணுக்கு எளிதில் புலப்படாதது. அதனைக் கணக்கிட்டாலும் கண்டு சரிபார்க்கக் கருவி வேண்டும். பார்வையையும் கணக்கையும் ஒருவரே தம்மிடம் இணைத்துக்கொள்ள வேண்டிய நிலையைக் கோள் கடப்பு உண்டாக்கிற்று. அதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

கண் சொன்ன சாட்சியம்

பார்வையின்மீது வைத்த நம்பிக்கையும் 1769இல் ஆட்டம் கண்டது. தாகித்தித் தீவில் கேப்டன் குக்கும் வானியலர் சார்ல்ஸ் கிரீனும் அருகருகே நின்று நோக்கினர், முகிலற்ற வானம். இருந்தும் வெள்ளி சூரிய விளிம்பைத் தொட்ட நேரத்தில் இருவரும் பல விநாடிகள் வேறுபட்டனர். இருவரும் வரைந்த படங்கள் அச்சிடப்பட்டுள்ளன. வெள்ளி சூரியனுக்குள் முழுதாக நுழைந்தபின்னும் விளிம்பை விட்டுப் பிரியாமல், சொட்டவிருக்கும் நீர்த்துளிபோல் கறுப்பாக நீண்டு நிற்பதை அவற்றில் காணலாம். 'கருந்துளி விளைவு' எனப்படும் இக்காட்சியே எண்களைக் கெடுத்தது. எந்த நொடியில் துளி அறுந்தது என்பதை இருவர் ஒருபோலச் சொல்ல முடியவில்லை.

இது வெள்ளியின் வளிமண்டலத்தால் நேர்வதென்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1999ஆம் ஆண்டு, வளிமண்டலம் என்று சொல்லத்தக்கது எதுவுமற்ற புதன் சூரியனைக் கடந்தபோது, புவியின் காற்றுக்கு வெளியே சுற்றிய டிரேஸ் செயற்கைக்கோள் எடுத்த படங்களிலும் அதே துளி தோன்றியது. கருவியின் மங்கலும், விளிம்பை நோக்கிச் செல்லச் செல்லச் சூரிய ஒளி குன்றுவதும் சேர்ந்து தோற்றுவிப்பதே அது என்று ஆய்வாளர் விளக்கினர். இருநூற்றைம்பது ஆண்டுகளாகக் கரிக்கோல் பிடித்தவர்கள் கற்பனை செய்யவில்லை. அவர்கள் கருவி காட்டியதை உள்ளபடியே வரைந்தனர். அளவைக்குப் பயன்படாது எனத் தள்ளப்பட்ட அப்படங்கள்தாம் பின்னர் சிக்கலின் காரணத்தை ஆராய்வதற்குச் சான்றாயின.

1874: சென்னையில் ஒரு குறுநூல்

அடுத்த கடப்பு 1874 டிசம்பர் 9இல் வந்தது. பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தான அதே ஆண்டு அது. கிள்ளான் பள்ளத்தாக்கின் வானில் அன்று காலை எட்டரை முதல் பிற்பகல் ஒரு மணி வரை வெள்ளி சூரிய முகத்தில் நின்றிருக்கும். சென்னைக்கு அது காலை ஏழு மணிக்கு மேல் தொடங்கி நண்பகலுக்குச் சற்று முன்னர் முடிந்த நிகழ்வு.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த நோக்ககத்தில் அப்போது முதன்மை உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார். பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்த குடும்பத்தினர். இளமையிலேயே நோக்ககத்தில் சேர்ந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். 1867இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1868ஆம் ஆண்டு முழுச் சூரிய கிரகணத்தின்போது வனபர்த்திக்குச் சென்ற நோக்கர் குழுவைத் தாமே நடத்தினார். 1872இல் இலண்டன் அரச வானியற் கழகத்தின் உறுப்பினரானார். சோழிக் கணியரின் மரபும் தொலைநோக்கியின் கண்ணும் ஒருவரிடம் கூடிய இடம் இதுவே எனலாம்.

வரவிருந்த கடப்பைப் பொதுமக்களுக்கு விளக்க 1874இல் அவர் ஒரு குறுநூல் எழுதினார். ஆங்கிலத்தில் மட்டுமன்றி, கன்னடம், உருது முதலிய மொழிகளிலும் அது வெளிவந்தது. இந்திய மொழியில் முதலில் எழுதியபோது அது உரையாடலாக அமைந்தது. சித்தாந்தக் கணக்கில் ஊறிய பண்டிதர்களோடு அவர் அடிக்கடி நிகழ்த்திய விவாதங்களின் வடிவம் அது. ஆங்கிலத்தில் அவ்வடிவம் கைவிடப்பட்டது. இலண்டனிலுள்ள வாசகருக்கு முடிவு போதும்; சென்னையின் பண்டிதருக்கு முடிவுக்கு வந்த வழி வேண்டும். வினாவுக்கு வினா எழுப்பி விடை காணும் உரைமரபில் பயின்றவரை, அம்மரபிலேயே அழைத்துச் சென்று புதிய வானியலின் வாயிலில் நிறுத்துவது கற்பித்தலில் தேர்ந்தவரின் முறை. தமிழாசிரியர்கள் இந்நூலை அறிவியல் தமிழின் முன்வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

அவருடைய நோக்கம் வெள்ளியோடு நிற்கவில்லை. வாக்கியக் கணக்கின்படி வழங்கிய பஞ்சாங்கங்கள் வானத்தோடு பொருந்தாமல் போய்விட்டன என்று அவர் வற்புறுத்தினார். நோக்ககக் கணக்கின் அடிப்படையில் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டார். இச்சொல்லைத் 'திரு' எனும் மங்கலச் சொல்லோடு இணைத்துப் பொருள் கொள்வோர் நம்மிடையே பலர். மாணவர் மட்டுமல்லர், ஆசிரியரும் அவ்வாறு விளக்கக் கேட்டிருக்கிறேன். இங்குள்ளது காண்டல் எனப் பொருள்படும் 'திருக்' என்னும் வடசொல். கண்டு சரிபார்த்த கணக்கு என்பதே அதன் பொருள். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் பூச்சோங்கிலும் நாம் சுவரில் மாட்டும் நாள்காட்டியில் வாக்கியம், திருக்கணிதம் என இரு வழிகள் இருப்பதும், சில ஆண்டுகளில் திதி ஒன்றுக்கொன்று வேறுபட்டு நிற்பதும் அப்பழைய வழக்கின் தொடர்ச்சியே. கோள் கடப்பு இந்த வழக்கிற்கு ஒரு பொதுச் சோதனையாக அமையும் என அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். குறித்த நாளில் குறித்த மணியில் சூரியன்மீது ஒரு கரும்புள்ளி தோன்றுகிறதா இல்லையா என்பதை எவரும் தாமே பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

டிசம்பர் 9ஆம் நாள் சென்னையில் முகில் சூழ்ந்து நோக்கலைக் கெடுத்தது. நூறாண்டுக்கு முன் புதுச்சேரியில் நிகழ்ந்தது திரும்பவும் நிகழ்ந்தது. வட இந்தியாவில் ரூர்க்கி, முசூரி முதலிய இடங்களிலும், கிழக்குக் கரையில் விசாகப்பட்டினத்தில் ஏ. வி. நரசிங்கராவின் தனியார் நோக்ககத்திலும் கடப்பு காணப்பட்டது. இரகுநாதாச்சாரியார் 1880இல் மறைந்தார். இந்தியரே நடத்தும் நோக்ககம் ஒன்று வேண்டும் என அவர் விடுத்த வேண்டுகோள் அவர் காலத்தில் நிறைவேறவில்லை.

ஒளிப்படம் வந்தபின்

1874இல் பெருஞ்செலவில் ஒளிப்படக் கருவிகள் பல நாடுகளுக்கும் அனுப்பப்பட்டன. படங்களில் விளிம்பு மங்கித் தெரிந்ததால் அளவைகள் ஏமாற்றமளித்தன. 1882ஆம் ஆண்டுக் கடப்பிற்கு ஆங்கிலேயர் ஒளிப்பட முறையைக் கைவிட்டனர். கண்ணும் கையும் மீண்டும் அழைக்கப்பட்டன. அதற்கு முன்னரே கிரீனிச்சில் செயற்கைக் கடப்பு ஒன்றை அமைத்து நோக்கர்களுக்குப் பயிற்சி அளித்திருந்தனர். பார்ப்பதும் பழக வேண்டிய தொழில் என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டதையே இது காட்டுகிறது.

சென்னை நோக்ககத்தின் பணி 1899இல் கோடைக்கானலுக்குப் பெயர்ந்தது. அங்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே நாள்தோறும் சூரியனின் ஒளிப்படம் எடுக்கப்பட்டு வந்தது. அதனோடு, கட்டமிட்ட வட்டத்தாளில் சூரியப் புள்ளிகளையும் இழைகளையும் பிழம்புகளையும் வெவ்வேறு வண்ணங்களில் கையால் குறித்த வரைபடங்களும் சேர்ந்துகொண்டே வந்தன. ஒளிப்படம் இருக்கும்போது கைவரைபடம் ஏன் என்று கேட்கலாம். ஒளிப்படத் தகடு எல்லாவற்றையும் ஒருசேரக் காட்டும். எது புள்ளி, எது இழை, எது தகட்டின் கறை என்று சொல்லாது. அதனை வரைந்தவர் சொல்லியிருக்கிறார். அண்மை ஆண்டுகளில் இத்தொகுப்பு மின்வடிவாக்கப்பட்டு, சூரியனின் நூறாண்டு நடத்தையை ஆராயப் பயன்படுகிறது. வரைந்தவர் பலரின் பெயர் நமக்குக் கிட்டவில்லை. அவர்களுடைய தீர்ப்பு தாளில் இருக்கிறது.

2012 ஜூன் 6ஆம் நாள் பூச்சோங்கில் சூரியன் உதித்தபோதே வெள்ளி அதன்மேல் இருந்தது. இம்முறை ஒவ்வொரு குறிப்பிற்கும் மேற்குத் திசை அம்பை வரைந்தேன். குறிகள் குறைவு, ஆனால் அம்புகளை ஒருதிசைப்படுத்திப் பார்த்தபோது அவை ஏறக்குறைய நேர்கோட்டில் நின்றன. 2004ஆம் ஆண்டுத் தாளையும் இதனையும் அருகருகே வைத்து மாணவர்க்குக் காட்டினால், அவர்கள் முதலில் கேட்பது வளைந்த தாளைப் பற்றியே.

வெள்ளியின் அடுத்த கடப்பு 2117 டிசம்பரில்தான். புதனுக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. 2032 நவம்பர் 13ஆம் நாள் பிற்பகல் 2.40 மணியளவில் புதன் சூரிய விளிம்பைத் தொடும். அது முழுவதும் வெளியேறுமுன் கிள்ளான் பள்ளத்தாக்கில் சூரியன் மறைந்துவிடும். வெறுங்கண்ணாலோ காப்பு வடிகட்டியற்ற தொலைநோக்கி வழியாகவோ ஒரு நொடியும் சூரியனைப் பார்க்கக்கூடாது. பிம்பத்தைத் தாளில் வீழ்த்திப் பார்ப்பதே பள்ளிகளுக்கு ஏற்றது. 15 சென்டிமீட்டர் வட்டத்தில் புதன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இருக்கும். கரிக்கோலை நன்றாகச் சீவிக்கொள்ள வேண்டும். முதல் குறியை இடுமுன் மேற்கைக் குறித்துக்கொள்ள வேண்டும்.